ஆறுமுகத்தைத் தேடியவர்கள்

மலர் போரைப் பற்றிப் பேசிப் பிழைப்பாள் என்று அவளைப் பெற்றவர்கள்கூட நினைத்திருக்க மாட்டார்கள். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவள். அந்த அலுவலகத்தை இழுத்து மூடியபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்து உரிமம் வாங்கினாள். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, மாடியில் ஒரு சின்ன டிராவல்ஸ் நடத்திவந்த கார்த்திகேசு அவளுக்கு வேலை கொடுத்தார். ஆரம்பத்தில் பத்துமலை, இரட்டைக் கோபுரம், சாயங்காலம் மின்மினிப் பூச்சி, அவ்வளவுதான்.

ஒருநாள் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இரண்டு கிழவர்கள் தங்கள் ஊர்ப் படை அழிந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேறு யாரும் கிடைக்காததால் மலர் கூட்டிக்கொண்டு போனாள். சிலிம் ரிவர் என்ற பெயரை நெடுஞ்சாலைப் பலகையில் பார்த்ததோடு சரி, அவளுக்கு வேறொன்றும் தெரியாது. அந்த இருவரும் பழைய சாலையோரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு, லோரிகள் புழுதியை வாரி இறைத்துப் போக, அப்படியே நின்றார்கள். மலர் கார் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தானாகவே தேடிப் படிக்க ஆரம்பித்தாள்.

1942 ஜனவரியில், விடிவதற்கு முந்தைய இருட்டில், ஜப்பானியர்களின் டாங்கிகள் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போன அந்த ஒற்றைச் சாலையில் நுழைந்தன. வழியில் இருந்த இந்தியப் படைகளையும் வெள்ளைக்காரப் படைகளையும் சிதறடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. தப்பியவர்கள் தோட்டத்துக்குள் ஓடினார்கள், காட்டுக்குள் ஓடினார்கள். பலபேர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த சில நாளில் கோலாலம்பூரும் விழுந்தது. இதை மலர் மெதுவாக, குரலை உயர்த்தாமல் சொல்வாள். செராஸில் இருக்கும் போர்க் கல்லறைகளில் தொடங்கி சிலிம் ரிவர், இன்னொரு சண்டை நடந்த கம்பார் குன்று என்று ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணம் அது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பக்கத்து ஆட்கள்தான் வருவார்கள். யாராவது அழுதால் மலர் தள்ளிப்போய் நிற்பாள். எப்போது தள்ளிப் போகவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே கார்த்திகேசு அந்தப் பயணத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

போன வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு கார்த்திகேசு கூப்பிட்டு, இந்தத் தடவை நம்மாள் ஒருவர் வருகிறார் என்றார். குடியாத்தத்துக்காரர், பெயர் லட்சுமணன். மகன் சதீஷ்குமார் இங்கே ஒரு வங்கிக்கு சாப்ட்வேர் வேலை பார்க்கிறான், பிரிக்பீல்ட்ஸிலேயே அடுக்குமாடியில் இருக்கிறான். அப்பாவை ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்திருக்கிறான். பெரியவரின் தகப்பனார் அந்தப் போரில் ராணுவ லோரி ஓட்டியவர். சிலிம் ரிவரில் காணாமல் போனவர்.

காலையில் அடுக்குமாடி வாசலில் காரை நிறுத்தியபோது இரண்டுபேரும் தயாராக நின்றார்கள். லட்சுமணன் உயரமாக, ஒல்லியாக இருந்தார். வேட்டி, முழுக்கைச் சட்டை, காலில் மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. கையில் ஒரு மஞ்சள் பை. மகனுக்கு அன்றைக்கு அலுவலகத்தில் ஏதோ பெரிய வேலை, வரமுடியாது. அப்பாவைக் காரில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டு, காதில் போனோடு குனிந்து மலரிடம் சொன்னான்.

"மேடம், அப்பா கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பாரு. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு."

இந்த வார்த்தைகளை மலர் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பெரியவர் பேச ஆரம்பித்தார். அப்பா பெயர் ஆறுமுகம். மெட்ராஸில் கப்பல் ஏறும்போது அம்மா வயிற்றில் லட்சுமணன். போர் முடிவதற்குள் ஒரு தந்தி வந்தது, காணவில்லை என்று. இறந்துவிட்டார் என்று அதில் இல்லை. அதனால் அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. ஊர் பேசியது, சொந்தக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். அம்மா அசையவில்லை. வாசலில் நாய் குரைத்தால் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்ப்பாள். கடைசியில் பூவும் பொட்டுமாகத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"சாவுச் சேதி வந்தாத்தானேம்மா அழிக்கணும்? காணோம்னுதானே வந்துச்சி?" என்றார், யாரோ இப்போதுதான் அம்மாவோடு சண்டை போட்டதைப் போல.

அம்மா உயிரோடு இருந்தவரை அப்பாவுக்குத் திதி கொடுக்க விடவில்லை. அவள் போன பிறகு அமாவாசைக்கு அமாவாசை கொடுத்துப் பார்த்தார்; மனசு ஒட்டவில்லை. செத்த இடத்திலேயே ஒரு படையல் போட்டுவிட்டால் முடிந்துவிடும் என்று தோன்றியது. அதற்குத்தான் மஞ்சள் பை: புது வேட்டி, துண்டு, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம்.

மலரின் வீட்டில் யாராவது அந்தப் போரில் போனார்களா என்று கேட்டார். அம்மாவின் தாத்தாவோடு பிறந்தவர் பந்திங் தோட்டத்திலிருந்து ஜப்பானியர்களால் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போகப்பட்டார், திரும்பவில்லை என்று மலர் சொன்னாள்.

"தேடுனீங்களா?"

"இல்லைங்க ஐயா. யாரும் தேடல. அவுங்க மாதிரி நெறைய பேரு."

தஞ்சோங் மாலிமில் இறங்கித் தேநீர் குடித்தபோது அம்மாவின் பொட்டுக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். மலர் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். வயதானவர்கள் சொன்னதையே சொல்வது அவளுக்குப் பழக்கம்தான்.

சிலிம் ரிவரைத் தாண்டிப் பழைய சாலைக்கு வந்ததும் லட்சுமணன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். ரப்பர் மரங்கள் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். எந்த இடம் என்று கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். தெரியாததைத் தெரியும் என்று மலர் சொல்வதில்லை. "இந்த ரோடு முழுக்கத்தான் ஐயா. லோரிங்க எல்லாம் இந்த ரோட்லதான் வரிசையா நின்னுச்சாம். அதுக்கு மேல யாருக்கும் தெரியாது" என்றாள். அவர் தலையாட்டினார். நிழலாக ஓர் இடம் போதும் என்றார்.

சாலையிலிருந்து தோட்டத்துக்குள் பிரியும் ஒரு மண்பாதையில் காரை விட்டாள். மரத்தடியில் குப்பையை ஒதுக்கி, வயதான பயணிகளுக்காகக் காரில் வைத்திருக்கும் மடக்கு நாற்காலியைப் போட்டாள். கோலாலம்பூரிலிருந்தே வாங்கிவந்த வாழை இலையை விரித்து, இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் எடுத்துவைத்தார்கள். வேட்டியும் துண்டும் மடிப்புக் கலையாமல் இலையின் தலைமாட்டில் இருந்தன. கற்பூரம் ஏற்றும் நேரத்தில்தான் தீப்பெட்டி இல்லை என்று தெரிந்தது. பையில் வைத்திருந்ததை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம்.

"தீப்பெட்டிக் கம்பெனியிலயே காலத்தை ஓட்டுனவன் நானு. என்கிட்ட தீப்பெட்டி இல்ல பாரு" என்று சிரித்தார்.

முச்சந்தியில் தகரக் கூரை போட்ட ஓர் ஒட்டுக்கடை இருந்தது மலருக்குத் தெரியும். காரில் போனால் உடனே வந்துவிடலாம். அவரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் படைத்த இலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார் அவர். நாய், குரங்கு வாய் வைத்துவிடும்.

"போய்ட்டு வாம்மா. நான் எங்க போவப் போறேன்?"

ஒட்டுக்கடையில் தீப்பெட்டி இல்லை. லைட்டர் தேடிக் கொடுத்தாள் கடைக்காரப் பெண், அது பற்றவில்லை. அடுத்த கடைக்குப் போகவேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது நாற்காலி இருந்தது. இலை இருந்தது, தேங்காய், பழம், மடித்த வேட்டி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அவர் இல்லை.

ஒதுங்கப் போயிருப்பார் என்று நினைத்துக் காரருகே நின்றாள். பிறகு கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். மண்பாதையில் கொஞ்சதூரம் ஓடிப்போய்ப் பார்த்தாள், எதிர்ப்பக்கம் ஓடிப்பார்த்தாள். செம்பனைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே இடைவெளியில் அதே மரம், அதே மட்டை, அதே நிழல். திரும்பிப் பார்த்தபோது அவளுக்கே கார் எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தெரியவில்லை.

சதீஷ்குமாருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. கார்த்திகேசு எடுத்தார், போலீசுக்குச் சொல்லச் சொன்னார். பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்த, வேலையாட்களை மேற்பார்க்கும் தோட்டத்து மண்டோரைக் கைகாட்டி நிறுத்தி, அழுகையும் மலாயுமாகச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். மறு பேச்சுப் பேசாமல் குலை வெட்டிக்கொண்டிருந்த ஆட்களைக் கூட்டிவந்தார். இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள், அவர்களுக்கு நடுவே ஒரு தமிழ் ஆள். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பெர்மிட்டில் வந்த ரியாஸ்.

"பயப்படாதீங்கக்கா. வயசானவரு, எவ்வளவு தூரம் போயிருவாரு" என்றான்.

போலீஸ் வந்தது. பின்னாலேயே தீயணைப்புக்காரர்களின் பொம்பா வண்டியும் வந்தது. ஆளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தார்கள். "பாக்சிக்! பாக்சிக்!" என்று, பெரியவரே என்ற பொருளில், மலாயில் கூப்பிட்டார்கள். ரியாஸும் மலரும் "ஐயா! ஐயா!" என்று கூப்பிட்டார்கள். பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மலருக்கு வரவில்லை. அவ்வளவு பதற்றத்திலும் அது மட்டும் வாயில் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மலரைக் காரில் உட்காரச் சொன்னார்கள். அவள் இருந்தால்தான் பெரியவர் தானாகத் திரும்பி வந்தால் பார்க்க முடியும் என்றார்கள். அது அவளை உட்காரவைக்கச் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே வாழை இலை மழையில் புரண்டு, தேங்காய் உருண்டு ஓரமாகக் கிடந்தது. ஓடிப்போய் வேட்டியையும் துண்டையும் மட்டும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக இந்தச் சாலையில் நின்று, சிதறிப்போனவர்கள் தோட்டத்துக்குள் ஓடினார்கள், அதற்குப் பிறகு தகவல் இல்லை என்று எவ்வளவு அமைதியாகச் சொல்லியிருக்கிறாள். அந்த வாக்கியத்தை இனிமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சதீஷ்குமார் அப்போதுதான் திருப்பி அழைத்தான். மீட்டிங்கில் இருந்ததாகச் சொன்னான். விஷயத்தைக் கேட்டதும் எந்த இடம் என்று இரண்டு தடவை கேட்டான். கடைசியில், "மேடம், அப்பாவுக்கு ஒரு வருஷமா மறதி இருக்கு. டாக்டர் தனியா விடவேண்டாம்னு சொல்லியிருக்காரு. நான் அத உங்கட்ட சொல்லல" என்றான். சொன்னால் கூட்டிப்போக மாட்டார்கள் என்று பயந்தானாம். அப்பா இந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாராம். மலர் போனை வைத்தாள். கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

மழை விட்டு, வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. மலர் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

யாரும் நினைத்ததைவிட வெகுதூரம் உள்ளே போயிருந்தார். தோட்டத்தின் எல்லையில் ஒரு பழைய வடிகாலுக்குள் விழுந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே கால் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. வெள்ளை ஷூ முழுக்கச் சேறு. ரியாஸ்தான் முதலில் பார்த்தவன். வாய்க்காலில் இறங்கி அவர் தலையை மடியில் தாங்கியிருந்தான். மலரைக் கண்டதும் அவன் கேட்டது அவளுக்குப் புரியவில்லை.

"அக்கா, இன்னொருத்தரும் வந்தாராக்கா?"

"யாரு?"

"ஐயா கேக்குறாரு, அவரு கெடச்சாரான்னு. நான் பார்த்ததுமே அதத்தான் கேட்டாரு."

அவன் ஏற்கெனவே மண்டோரிடம் சொல்லிவிட்டிருந்தான். மண்டோர் பொம்பாக்காரர்களிடம், "அடா லாகி ஓராங்!" என்று குரல் கொடுக்க, திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இன்னொரு ஆளைத் தேடுவதற்காகத் தலைவிளக்குகளை மறுபடி ஏற்றிக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராக மரங்களுக்குள் நுழையத் தொடங்கினார்கள்.

மலர் சேற்றில் மண்டியிட்டு, யார் கிடைத்தாரா என்று கேட்கிறீர்கள் ஐயா என்றாள்.

"எங்கப்பாதாம்மா" என்றார் லட்சுமணன். வலியில் குரல் நடுங்கியது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. "நீங்கல்லாம் கூப்டுக்கினு இருந்தீங்களே. ஐயா, ஐயான்னு. அவ்ளோ பேரு தேடுறாங்க, நான் மட்டும் குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? நானும் இந்தப் பக்கமா பார்த்துக்கினே வந்தேன்."

அவர் எதற்காக முதலில் நாற்காலியை விட்டு எழுந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது மலருக்கு அந்த வாய்க்காலிலேயே விளங்கிவிட்டது. அவர்கள் போட்ட சத்தம் எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் பதில் கொடுக்கவில்லை, ஏனென்றால் தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்தார். எந்த மனிதருக்காக அம்மா சாகும்வரை காத்திருந்தாளோ, அவரை ஒருவழியாக இத்தனை பேர் தேட வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். கூப்பிடக் கூப்பிட, அவரும் தேடிக்கொண்டு இன்னும் உள்ளே போனார்.

வேறு ஆள் யாரும் இல்லை என்று அவள்தான் எழுந்துபோய் மண்டோரிடம் சொல்லவேண்டியிருந்தது. மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்த விளக்குகளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாள். அவர்கள் திரும்பி வருவதை லட்சுமணன் படுத்தபடியே பார்த்தார். ஏன் அதற்குள் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பக்கத்து மருத்துவமனையில் முதலுதவி செய்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். சதீஷ்குமார் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க வந்து சேர்ந்தான். தாழ்வாரத்தில் அவனும் மலரும் எதிரெதிரே நின்றார்கள். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். நான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவன் சொன்னான். அவன் அவளைத் திட்டவில்லை, புகார் கொடுக்கவில்லை. திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கார்த்திகேசு கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். மலர் கிள்ளானில் வீட்டிலேயே இருந்தாள். அவள் கணவன் குரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், அதிகம் பேசாதவன். பெரியவர் உயிரோடுதானே இருக்கிறார், அந்த மட்டில் விடு என்றான். அவன் சொல்வது சரிதான். அவளால்தான் விட முடியவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து லட்சுமணனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மலர் பிரிக்பீல்ட்ஸுக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. விழுந்த அதிர்ச்சியிலும் மயக்க மருந்திலும் மறதி அதிகமாகிவிட்டது, நேற்று நடந்தது இன்றைக்கு நிற்பதில்லை என்று மகன் வாசலிலேயே சொன்னான். ஆனால் அந்தத் தோட்டம் மட்டும் அவருக்கு நிற்கிறது. பார்க்க வருகிற எல்லாரிடமும், நர்ஸிடமும்கூட அதையே கேட்கிறார்.

"அக்கா, இன்னிக்குக் கேட்டா ஆமான்னு சொல்லிடுங்க. கெடச்சுட்டாருன்னு. என்னால தாங்க முடியல" என்றான்.

உள்ளே போனதும் லட்சுமணன் அவளை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "கெடச்சாராம்மா?" என்றார். மலர் வாயைத் திறந்தாள். ஆமாம் என்ற ஒரே ஒரு சொல். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை என்று தோன்றியது. அவள் திணறுவதைப் பார்த்த மகன் தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

"கெடச்சுட்டாருப்பா. தாத்தா கெடச்சுட்டாரு."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். ஒரு கணம் எல்லாம் முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

"எங்க வச்சிருக்காங்க?" என்றார்.

சிங்கப்பூரில் காணாமல் போன சிப்பாய்களுக்காகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், அதில் தாத்தா பெயர் பொறித்திருக்கிறது, போட்டோகூடக் காட்டியிருக்கிறேனே அப்பா என்று சதீஷ்குமார் ஏதோ சொல்லிப் பார்த்தான்.

"அது பேருதானேடா. ஆளு எங்க?"

அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். கீழே மோனோரயில் போகும் சத்தம் கேட்டது. மலர் அவர் கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சொன்னதும் மறந்தது, கேட்டதும் மறந்தது. மறுபடி முதலிலிருந்து, "கெடச்சாராம்மா?" என்றார்.

இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை. "தேடிட்டு இருக்கோம் ஐயா" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆட்கள் பத்துமா என்று கேட்டார். பத்தும் என்றாள். சரி என்று தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனார். இங்கே வந்ததிலிருந்து அவர் பகலில் தூங்கியதே இல்லை என்றான் சதீஷ்குமார்.

மகனால் வேலையையும் பார்த்துக்கொண்டு அவரையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. குடியாத்தத்தில் மகள் வீடு இருந்தது. அங்கே அனுப்புவது என்று முடிவானது. விமான நிலையத்துக்கு மலர்தான் காரை ஓட்டினாள். வண்டியை விட்டு இறக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததும் லட்சுமணன் இரண்டு கையாலும் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்பா உள்ளே இருக்கும்போது நான் எப்படி ஊருக்குப் போவது, அம்மா கேட்டால் என்ன சொல்வது என்றார். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. மகன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மலர் குனிந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் பிடியை விட்டார். மழையில் எடுத்துவைத்த புது வேட்டியையும் துண்டையும் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை அவர் மடியில் வைத்தாள். அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊருக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் வீட்டிலிருந்து வீடியோவில் அழைப்பு வரும். மகளுக்கு வேறு வழி இல்லை. அந்தத் தேடுகிற அம்மாவிடம் பேசினால்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடிக்கிறாராம். மலர் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருப்பாள், ஷா ஆலாமில் தங்கச்சி வீட்டில் இருப்பாள், ஒருதடவை கோயிலில் வரிசையில் நின்றாள். எங்கே இருந்தாலும் ஒதுங்கிப்போய் எடுப்பாள். தேடுகிறீர்களா என்று கேட்பார். தேடுகிறோம் என்பாள். அங்கே மழையா என்பார். மழை என்றால், வேலையாட்களை நனையவிடாதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். குரு ஒருநாள், இது எங்கே போய் முடியும், அந்த நம்பரை பிளாக் செய்துவிடு என்றான். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சாலைக்கு அவள் திரும்பப் போகவும் செய்தாள். கார்த்திகேசுவால் வேறு ஆளைப் பிடிக்க முடியவில்லை, அவளுக்கும் வேறு தொழில் தெரியாது. வெள்ளைக்காரர்களை நிறுத்தி டாங்கிகள் வந்த திசையைக் காட்டுவாள். காணாமல் போனவர்களைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் வந்ததும், புத்தகத்தில் இருப்பதைப் பாருங்கள் என்று சுருக்கமாக முடித்துவிடுவாள். அவர்கள் படம் எடுக்கும்போது இவள் கண் தன்னால் செம்பனைகளுக்கு நடுவே போகும். ஒன்றும் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பாள்.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிறு அழைப்பு வந்தபோது அவள் அங்கேதான் நின்றாள். ஆஸ்திரேலியத் தம்பதி ஒன்று சாலையோரம் நின்றிருந்தது. திரையில் லட்சுமணன் மொட்டையடித்த தலையோடு இருந்தார். அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் பக்கத்திலிருந்து, "மலேசியா அக்காப்பா, பேசுங்க" என்றாள்.

"வணக்கம்" என்றார் அவர், யாரோ அந்நியரிடம் சொல்வதுபோல. சாப்பிட்டீர்களா என்று மலர் கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். அவள் காத்திருந்தாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் மெல்ல, ஐயா, அப்பா, என்று ஆரம்பித்தாள். யாருடைய அப்பா என்பதுபோல மகளைத் திரும்பிப் பார்த்தார்.

மகள் போனை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய்ச் சொன்னாள்: போன வாரத்திலிருந்தே அந்தப் பேச்சு இல்லை. தாத்தாவையே மறந்துவிட்டார், பாட்டியையும் மறந்துவிட்டார். இப்போது நிம்மதியாக இருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறார். இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டோம் அக்கா, இவ்வளவு நாள் செய்ததற்கே உங்களுக்குப் பெரிய மனசு.

நல்லதும்மா என்றாள் மலர். நல்லதுதான். போனைக் கைப்பையில் வைத்துவிட்டு மண்பாதையின் முனைவரை நடந்தாள். ஆறுமுகத்தைத் தேட இனி அந்த வீட்டில் யாரும் இல்லை. அவர் எப்படி இருப்பார் என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஒரு படம் பார்த்ததில்லை.

அந்த ஆஸ்திரேலியப் பெண்மணி பின்னால் வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா, நாங்களும் தேடட்டுமா என்று கேட்டாள். இல்லை, ஒன்றுமில்லை என்று மலர் சொன்னாள். கம்பாருக்கு நேரமாகிறது என்று காரைக் கிளப்பினாள்.